"விஸ்பர் கொயட்": ரெண்டு வார்த்தையை ஃப்ரெஞ்சுக்குக் கொண்டுபோற பாடு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன்.)

இன்னிக்கு ரெண்டே ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்திப் பேசப் போறோம். "விஸ்பர் கொயட்". கம்ப்யூட்டர் ஃபேன், பவர் சப்ளை, கேபினெட், கீபோர்டு, மவுஸ்னு எதை வாங்கப் போனாலும் பெட்டி மேல இது இருக்கும். நாம படிக்காமலே தாண்டிப் போயிடுவோம். ஆனா இதை ஃப்ரெஞ்சுல எழுதிக் குடுன்னு ஒருத்தர்கிட்ட குடுத்துப் பாருங்க, அரை நாள் அதுலயே ஓடிடும்.

தூத்துக்குடில உக்காந்துக்கிட்டு ஃப்ரெஞ்சைப் பத்தி உனக்கென்னல பேச்சுன்னு கேப்பீங்க. ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, நான் வேலையில எழுதுற சாஃப்ட்வேர் பல மொழிகள்ல வெளிய போகுது. மொழிபெயர்ப்பாளர் எழுதுற வரி கடைசியா வந்து உக்கார்ற இடம் என் கோடுதான். ரெண்டு, என்கூட இன்ஜினியரிங் படிச்ச தோழி ஒருத்தி இப்ப புதுச்சேரில இருக்கா. ஹார்டுவேர் விளம்பர வரிகளை இங்கிலீஷ்ல இருந்து ஃப்ரெஞ்சுக்கு மாத்துறதுதான் அவ தொழில். அவகிட்ட பேசிப் பேசிச் சேர்ந்த சரக்குதான் இந்த எபிசோட்.

மூணு வார்த்தைக்கு ஒரே வார்த்தை

இங்கிலீஷ்ல "கொயட்"னா சத்தம் கம்மி. "சைலன்ட்"னா சத்தமே இல்லை. "விஸ்பர் கொயட்"னா காதுல ரகசியம் பேசுற அளவு. விளம்பரம் எழுதுறவர் இந்த மூணுக்கும் நடுவுல வசதியா நகர்ந்துக்கலாம். நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தா, "நாங்க கொயட்னுதானே சொன்னோம், சைலன்ட்னா சொன்னோம்?"னு தப்பிச்சுக்கலாம்.

ஃப்ரெஞ்சுல மெஷினைப் பத்திப் பேசும்போது ரெண்டுக்குமே சாதாரணமா வர்ற வார்த்தை ஒண்ணுதான்: சிலான்ஸ்யூ. "கால்ம்"னு ஒரு வார்த்தை இருக்கு, அது ஊருக்கும் ஆளுக்கும் பொருந்தும், ஃபேனுக்கு ஒட்டாது. "திஸ்க்ரே"னு ஒண்ணு இருக்கு, தன்னைக் காட்டிக்காம ஒதுங்கி இருக்கிறவன்னு அர்த்தம். சத்தம் வரும், ஆனா தொந்தரவா தெரியாதுன்னு சொல்ல அது நல்லாவே உதவும். இன்னொரு வேடிக்கை: சிலான்ஸ்யூன்னு பெயர்ச்சொல்லா சொன்னா வண்டியோட சைலன்சர். நம்ம ஊர்ல சைலன்சர் எவ்வளவு சைலன்ட்டுன்னு உங்களுக்கே தெரியும்.

ஆக, "கொயட் ஃபேன்"ங்கிறதைக் கண்ணை மூடிக்கிட்டு சிலான்ஸ்யூன்னு போட்டா, "சத்தம் கம்மி"ங்கிற பேச்சு "சத்தமே இல்லை"ங்கிற இடத்துக்கு நகர்ந்துடலாம். மொழிபெயர்ப்புல ஒரு எழுத்துப் பிழைகூட இருக்காது. ஆனா கம்பெனி குடுத்த வாக்கோட அளவு மாறிடுச்சு. அந்த வாக்கை நம்பித்தான் அந்தப் பக்கம் ஒருத்தர் காசு குடுக்கிறார்.

நம்ம கடற்கரைல நடந்த பழைய கேஸ்

ஒரு வார்த்தை வாக்கோட அளவையே மாத்திடும்ங்கிறதுக்கு நம்ம முத்துக்குளித்துறையிலேயே ஒரு சம்பவம் இருக்கு. சவேரியார்னு நாம சொல்ற பிரான்சிஸ் சேவியர் 1542-ல இந்தப் பக்கம் வந்தார். அவருக்குத் தாய்மொழி பாஸ்க், இங்க இருந்த பரதவ மக்களுக்குத் தமிழ். ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சவங்களைக் கூட்டி வச்சு, பல நாள் உக்காந்து ஜெபங்களைத் தமிழுக்கு மாத்தினார். அதை மனப்பாடம் பண்ணிக்கிட்டு, கையில மணியை ஆட்டிக்கிட்டே தெருத்தெருவாப் போய்ப் பிள்ளைங்களைக் கூட்டிச் சொல்லிக் குடுத்தார்.

அந்த ஜெபத்துல "நான் விசுவசிக்கிறேன்"னு வர வேண்டிய இடத்துல "எனக்கு வேணும்"னு போட்டிருந்தாங்க. ஒன்றரை வருசத்துக்கு மேல அப்படித்தான் ஓடியிருக்கு. 1544-ல தன்னோட வேலை பார்த்த மான்சிலாஸுக்கு எழுதின கடிதத்துல சவேரியார் இதைத் திருத்தச் சொல்றார். "வேணும்"னா ஆசைப்படுறதுன்னு அர்த்தம், அதை எடுத்துட்டு விசுவாசம்னு சொல்லுங்கன்னு எழுதுறார்.

யோசிச்சுப் பாருங்க. "கடவுளை நம்புறேன்"னு சொல்றவரும் "கடவுள் எனக்கு வேணும்"னு சொல்றவரும் குடுக்கிற வாக்கு வேற வேற. இலக்கணப்படி ரெண்டும் சுத்தமான தமிழ். கேக்குறவருக்கு எந்த உறுத்தலும் இருக்காது. அதனாலதான் பிழை அவ்வளவு நாள் தாங்குச்சு. அவருக்கு அப்புறம் இங்க வந்த ஹென்ரீக் ஹென்ரீக்கஸ், நம்ம பக்கம் அண்டிரிக் அடிகளார்னு சொல்வாங்க, வேற வழியில போனார். தமிழையே உக்காந்து படிச்சு, போர்ச்சுகீசிய மொழியில தமிழுக்கு ஒரு இலக்கணமே எழுதினார். அவர் பொறுப்புல தயாரான "தம்பிரான் வணக்கம்" 1578-ல கொல்லத்துல அச்சாச்சு. பதினாறு பக்கம், இந்திய மண்ணுல இந்திய எழுத்துல அச்சான முதல் புத்தகம்.

சாமி விஷயத்தையும் கம்ப்யூட்டர் ஃபேனையும் ஒரே தட்டுல வைக்கலை. ஆனா பிரச்சனையோட வடிவம் ஒண்ணுதான்: வாக்கியம் சரியா இருக்கு, வாக்கு மாறிப்போச்சு. இதைக் கண்டுபிடிக்கணும்னா மூல வரி எவ்வளவு பெரிய வாக்கைக் குடுத்துச்சுன்னு முதல்ல தெரியணும். ஹார்டுவேர்ல அதைத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு, அதுதான் நம்பர்.

டெசிபல் சொல்றதும் சொல்லாததும்

நல்ல ஃபேனோட டேட்டாஷீட்ல டெசிபல் ஏ-ன்னு ஒரு அளவு இருக்கும். அந்த "ஏ" என்னன்னா, நம்ம காது எந்த அலைவரிசையை நல்லா கேக்கும், எதைச் சுமாரா கேக்கும்ங்கிறதுக்கு ஏத்த மாதிரி திருத்தின அளவு. உதாரணத்துக்கு ஆஸ்திரியாவோட நொக்டுவா கம்பெனியின் பிரபலமான 120 மில்லிமீட்டர் ஃபேன், என்.எஃப்.-ஏ12எக்ஸ்25, முழு வேகத்துல 22.6 டெசிபல் ஏ-ன்னு போட்டிருக்கும். நொக்டுவாங்கிறது ஒரு ஆந்தையோட லத்தீன் பேர்ல இருந்து வந்தது. ஆந்தை பறக்கிற சத்தம் கேக்காதுல்ல, அதான்.

இங்க தெரிஞ்சுக்க வேண்டியது நாலு விஷயம்.

முதல் விஷயம், டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு கிடையாது. 20 டெசிபல் ஃபேன் ரெண்டு சேர்ந்தா 40 ஆகாது, 23 தான். பத்து சேர்ந்தா 30. காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்"னு தோணுறதுக்கு ஏறக்குறைய 10 டெசிபல் ஏறணும். அதனால "30 சதவீதம் அமைதி"ன்னு பெட்டில போட்டிருந்தா, எதுல 30 சதவீதம்னு கேக்கணும். டெசிபல்லயா, ஒலியோட சக்தியிலயா, காதுக்குத் தோணுற சத்தத்துலயா? மூணுக்கும் விடை வேற வேற.

ரெண்டாவது, தூரம். திறந்த வெளில தூரம் பாதியானா 6 டெசிபல் ஏறும். ஒரு மீட்டர்ல 20 இருக்கிறது அரை மீட்டர்ல 26. டேபிள் மேல கேபினெட் வச்சிருக்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம். எந்தத் தூரத்துல அளந்தாங்கன்னு விளம்பர வரில இருக்காது, டேட்டாஷீட்டோட அடிக்குறிப்புல இருக்கும். மொழிபெயர்ப்புக்கு அனுப்பும்போது முதல்ல வெட்டுப்படுறது அந்த அடிக்குறிப்புதான்.

மூணாவது, வேகம். ஃபேனோட வேகம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமாரா 15 டெசிபல் ஏறும். "20 டெசிபல் தான்"னு சொல்ற பெட்டி, குறைஞ்ச வேகத்துல அளந்ததைச் சொல்லுதா முழு வேகத்துல அளந்ததைச் சொல்லுதான்னு பாக்கணும்.

நாலாவது, பெல். டெசிபல்னா பெல்லுல பத்துல ஒரு பங்கு. லேப்டாப், பிரின்டர் மாதிரி பொருட்களோட ஒலி அறிக்கைல சில சமயம் 3.2 பெல்னு போட்டிருப்பாங்க. அதாவது 32 டெசிபல். அதுவும் மெஷின் மொத்தமா வெளிய விடுற ஒலிச்சக்தி, நம்ம காதுகிட்ட வந்து சேர்ற அழுத்தம் இல்லை. இது தெரியாதவர் பாத்தா "டெசி விட்டுப்போச்சு போல"ன்னு நினைச்சு 3.2 டெசிபல்னு திருத்திடுவார். அவ்வளவுதான், உலகத்துலயே அமைதியான பிரின்டர் ரெடி.

தூத்துக்குடில கொயட், பாரிஸ்ல கொயட் இல்லை

சரி, நம்பர் சரியா வந்துடுச்சுன்னே வைங்க. படிக்கிறவர் எங்க இருக்கார்ங்கிறது அடுத்த கேள்வி.

நம்ம வீட்ல மே மாசம் சீலிங் ஃபேன் அஞ்சாம் நம்பர்ல ஓடும். ஜன்னல் திறந்திருக்கும், தெருவுல பைக் போகும், ராத்திரில துறைமுகம் பக்கம் இருந்து கப்பல் ஹாரன் வரும். இதுக்கு நடுவுல 30 டெசிபல் கம்ப்யூட்டர் ஃபேன் ஓடுதா இல்லையான்னே தெரியாது. அதே மெஷினைக் குளிர்காலத்துல, கண்ணாடி ஜன்னலை இறுக்கி மூடின ஒரு ஃப்ரெஞ்சு ஃபிளாட்ல வச்சா, ராத்திரி பத்து மணிக்கு அந்த ரூம்ல கேக்குற ஒரே சத்தம் அதுவாத்தான் இருக்கும்.

இதுக்குத் தலைகீழாவும் ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் ஃபேன் எவ்வளவு வேகமா சுத்தணும்னு முடிவு பண்றது உள்ள இருக்கிற சூடு. 22 டிகிரி ரூம்ல சோம்பலா சுத்துற ஃபேன், நம்ம ஊர் 35 டிகிரில பறக்கும். உப்புக் காத்தும் தூசியும் பேரிங்ல ஏறினா இன்னொரு கதை. அதனால, அங்க அளந்து எழுதின "விஸ்பர் கொயட்"டைத் தமிழ்ல அப்படியே மாத்திப் போட்டாலும் அது இங்க உண்மையா இருக்கும்னு சொல்ல முடியாது.

சட்டம் உள்ள வர்ற இடம்

ஃப்ரான்ஸ்ல இதெல்லாம் வெறும் ரசனை விஷயம் இல்லை. 1994 ஆகஸ்ட் 4-ல ஒரு சட்டம் வந்துச்சு. அப்போதைய கலாச்சார அமைச்சர் ழாக் தூபோன் பேரால தூபோன் சட்டம்னு சொல்வாங்க. பொருளோட பேர், விவரம், பயன்படுத்துற முறை, உத்தரவாதம், விளம்பரம் எல்லாம் ஃப்ரெஞ்சுல இருந்தாகணும். "தூ போன்"னா "எல்லாம் நல்லது"ன்னு காதுல விழும், அதை வச்சு ஆட்கள் கிண்டலா "ஆல்குட் சட்டம்"னாங்க. ஆனா சட்டம் கிண்டல் பண்ணலை. 2006-ல வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊழியர்களுக்குக் குடுத்த சாஃப்ட்வேர், ஆவணங்களை ஃப்ரெஞ்சுல தராத விஷயத்துல ஜி.இ. மெடிக்கல் சிஸ்டம்ஸ் கம்பெனிக்கு விதிச்ச 5,80,000 யூரோவை உறுதி பண்ணுச்சு.

இதுக்கு மேல, வாங்குறவரை ஏமாத்துற விளம்பரத்துக்குத் தனிச் சட்டம் இருக்கு. அப்ப "சத்தமே இல்லை"ன்னு ஃப்ரெஞ்சுல வந்துட்டா, "இங்கிலீஷ்ல கொயட்னுதான் போட்டிருந்தோம்"ங்கிற சமாதானம் எடுபடாது. வாங்கினவர் படிச்சது ஃப்ரெஞ்சை.

என் தோழிக்கு இப்படி ஒரு வேலை வந்துச்சு. ஒரு பவர் சப்ளை, "விர்ச்சுவலி சைலன்ட்"னு இங்கிலீஷ். "விர்ச்சுவலி"க்கு இங்க "கிட்டத்தட்ட"ன்னுதான் அர்த்தம். வாடிக்கையாளர் பக்கத்துல இருந்து "முழுக்க அமைதின்னே போட்டுடுங்க, கெத்தா இருக்கும்"னு சொல்லியிருக்காங்க. இவ எத்தனை டெசிபல், எத்தனை லோடுல, எவ்வளவு தூரத்துலன்னு திருப்பிக் கேட்டுட்டா. "டேய், கேள்வி கேட்டா அடுத்த வேலை வராதுடா, அதான் பயம்"னு என்கிட்ட சொன்னா. ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: லோடு கம்மியா இருக்கும்போது ஃபேன் சுத்தவே சுத்தாது, லோடு ஏறினா சுத்தும். அவ எழுதின ஃப்ரெஞ்சு வரி இப்படிப் போச்சு: சாதாரண வேலைல ஃபேன் நின்னே இருக்கும், கடுமையான வேலைலயும் சத்தம் அடக்கமாவே இருக்கும். படிச்சுப் பாருங்க, கெத்து எங்கயும் குறையலை. வாங்குறவருக்கும் என்ன கிடைக்கும்னு தெளிவாத் தெரியுது.

கோடு எழுதுறவங்களுக்குக் கொஞ்சம்

இனி என் ஏரியா. நிறைய டெவலப்பர்ஸ் கேப்பீங்கன்னு தெரியும், அதனால சொல்லிடறேன்.

"அல்ட்ரா கொயட்"னு ஒரு வரி எழுதி, பக்கத்துல பொருளோட பேரை ஒட்டவைக்கிற டெம்ப்ளேட் வேண்டாம். ஃப்ரெஞ்சுல ஃபேன் ஆண்பால், அதுக்கு சிலான்ஸ்யூ. பவர் சப்ளை பெண்பால், அதுக்கு சிலான்ஸ்யூஸ். வார்த்தை பெயருக்குப் பின்னாடியும் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் முழு வாக்கியமாவே மொழிபெயர்ப்பாளர்கிட்ட குடுங்க. தமிழ்லயும் இதே வம்பு உண்டு. பேர் கூட "-ஐ" ஒட்டவச்சா "ஃபேன்ஐ"ன்னு நிக்கும்.

எண்ணிக்கை: இங்கிலீஷ்ல பூஜ்யம் பன்மை, ஃப்ரெஞ்சுல பூஜ்யம் ஒருமை. "ஒண்ணா இல்லைன்னா பன்மை"ன்னு கண்டிஷன் எழுதியிருந்தா அங்க உடையும்.

அளவுகள்: 22.6-ல புள்ளி இருக்கிற இடத்துல ஃப்ரெஞ்சுல காற்புள்ளி வரும். காற்புள்ளியால பிரிக்கிற ஃபைல்ல இதை ஏத்தினா ஒரு நம்பர் ரெண்டு காலமாப் போயிடும். ஆர்.பி.எம். அங்க "தூர் பார் மினுத்". பைட்டுக்கு "ஆக்தே"ன்னு தனி வார்த்தை, அதனால ஜி.பி. அங்க ஜி.ஓ. ஆகும். கம்ப்யூட்டருக்கே அவங்க சொந்த வார்த்தைதான்: ஓர்தினாத்தர். 1955-ல ஐ.பி.எம். ஃப்ரான்ஸ் கேட்டதுக்கு ழாக் பெரேங்கிற லத்தீன் பேராசிரியர் கடிதத்துல எழுதிக் குடுத்தது.

ஆச்சரியக்குறிக்கு முன்னாடி ஃப்ரெஞ்சுல ஒரு இடைவெளி விடணும். அது வரி உடையாத இடைவெளியா இருக்கணும், இல்லைன்னா குறி மட்டும் அடுத்த வரில போய் உக்காரும். ஆனா "பீ கொயட்!"னு ஒரு ஜெர்மன் பிராண்ட் இருக்கு, பேரோடயே ஆச்சரியக்குறி. பிராண்ட் பேர்ல இடைவெளி விடவும் கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது. விட்டா மெஷின் அதை "பேசாம இரு!"ன்னு மாத்திக் கடையோட முகப்புல போட்டுடும்.

மெஷின்னு சொன்னதும் ஞாபகம் வருது. இங்கிலீஷ்-ஃப்ரெஞ்சு ஜோடி மெஷின் மொழிபெயர்ப்புக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி. 1990 வாக்குல ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் கணக்கை வச்சு மொழிபெயர்க்கப் பழக்கினது கனடா நாடாளுமன்றத்தோட ரெண்டு மொழிப் பதிவுகளை வச்சுத்தான். அதனால இந்த ஜோடில வாக்கியம் வழவழன்னு வரும். வழவழன்னு வர்றதாலயே சந்தேகம் வராது. "எனக்கு வேணும்" அவ்வளவு நாள் நின்ன மாதிரி இதுவும் நிக்கும். வரில இருக்கிற வாக்கும் டேட்டாஷீட்ல இருக்கிற நம்பரும் ஒத்துப்போகுதான்னு ஒரு ஆள் உக்காந்து பாக்கணும்.

நமக்கு என்ன?

2020-ல இருந்து ஃபிளிப்கார்ட், அமேசான் ரெண்டுமே தமிழ்ல இருக்கு. அதாவது இதே வரிகள் இப்ப நம்ம மொழிக்கும் வந்துக்கிட்டிருக்கு. ஆனா ஃப்ரெஞ்சுக்காரருக்கு இருக்கிற பிடி நமக்கு இல்லை. 2011 சட்ட அளவியல் பொட்டலப் பொருட்கள் விதிப்படி, பெட்டி மேல கட்டாயமா இருக்க வேண்டிய விவரங்கள் இந்தியிலயோ இங்கிலீஷ்லயோ இருந்தாப் போதும். மத்த மொழி விருப்பம் இருந்தா கூடுதலா போட்டுக்கலாம். தமிழ் வரி யாரும் கட்டாயப்படுத்தாம வர்றதால, அதை யாரும் பெருசா சரிபார்க்கிறதும் இல்லை.

"கொயட் பெர்ஃபார்மன்ஸ்" தமிழ்ல "அமைதியான செயல்திறன்"னு வந்தா, ஏதோ தியானத்துல உக்காந்த ஃபேன் மாதிரி இருக்கு. நாம எப்படிச் சொல்லுவோம்? "ஓடுறதே தெரியாது"ம்போம். அழகான தமிழ். ஆனா கவனிங்க, அது ரொம்பப் பெரிய வாக்கு. 35 டிகிரில, அரை மீட்டர் தூரத்துல, ஒரு கேம் ஓடும்போதும் தெரியாதா? தெரியும்னா, "சத்தம் கம்மியாத்தான் இருக்கும்"னு எழுதறதுதான் நியாயம்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த தடவை ஃபேனோ மிக்ஸியோ ஏசியோ வாங்கும்போது, அதோட தமிழ்ப் பக்கத்தைத் திறந்து சத்தத்தைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பக்கத்துலயே நம்பர் இருக்கா, எந்த வேகத்துல, எவ்வளவு தூரத்துல அளந்ததுன்னு தேடுங்க. விசித்திரமா ஏதாவது சிக்கினா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, இன்னொரு எபிசோடுக்கு ஆகும். அதுவரைக்கும் பை மக்களே.